கடைசி மூன்றெழுத்து

பன்னிரண்டு அடிக்கு எட்டு. ஒன்பது போர்டு.
வண்ணார்பேட்டையில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்து
எஸ்.ஐ. ஆவுடைநாயகம் நின்றுகொண்டே சொன்னார்:
"பாத்தா பயம் வரணும்மா. ரத்தம் கொஞ்சம் கூடப் போடு."
சிவப்பைக் கூட்டினேன்.
தரையில் சிதறிய போன், ஒற்றைச் செருப்பு.
செருப்பு என்னுடையது,
வாசலில் கிடந்ததைப் படமெடுத்தேன்.
வாசகம் அவர் கொடுத்தது:
ஓட்டும்போது செல்போனைப் பார்க்காதே.

காவல்கிணற்றுக் காற்றுக்கு ஃப்ளெக்ஸ் நிற்காது.
பிளேடால் அங்கங்கே
அரைவட்டமாகக் கீறிவிட வேண்டும்,
காற்று புகுந்து வெளியே போக.
கடைப்பையன் கீறினான்.
எங்கே கீற என்று அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஆடி பிறந்து நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ.
பணகுடி தாண்டி, நாலுவழிச்சாலை ஓரம்.
வலது மூலை கிழிந்து கம்பியில் சுற்றிக்கிடக்க
மிச்சத்தைத் தெளிவாகப் படிக்கலாம்:
ஓட்டும்போது செல்போனைப் பார்.

"கேவலமாப் போச்சு. உடனே மாத்தணும்"
என்று கீழே ஒரு வரி.
எடுத்தவர் ஜீப் ஓட்டுகிற ஏட்டு சொள்ளமுத்து.
படத்தின் அடியில் ஸ்டியரிங் தெரிகிறது.
முள் எழுபதில் நிற்கிறது.

சிரித்து முடித்தபின் தோன்றியது.
நம் மொழியில் மறுப்பு வாலில் இருக்கிறது.
வினை முன்னால் ஓடிவிடும்,
'ஆதே' இளைத்துக்கொண்டு பின்னால் வரும்.
எண்பதில் போகிறவனுக்கு
நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர்.
கிழியாத போர்டிலும் அவன்
'பார்' வரைக்கும்தான் படித்திருப்பான்.

பலன் உண்டா சார் என்றேன்.
"ரெண்டு கேஸ் கம்மி. ஆனா ஆடியில
கல்யாண வண்டியும் கம்மில்லா?"
விழுந்தவனுக்கு நோட்டு இருக்கிறது ஸ்டேஷனில்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஒன்றும் நடக்காமல் வீடு போய்ச் சேர்ந்தவனை
எந்த நோட்டில் எழுத?

மாசானமுத்துவுக்குத் தினமும் அந்த ரோடுதான்.
காவல்கிணற்றில் பிச்சியும் கேந்தியும் ஏற்றி
குட்டியானையில் நெல்லைக்கு.
நான் கேட்பேன்: எங்க வாரிய?
பதில் வரும்: வள்ளியூ
கொஞ்சம் கழித்து: நாங்குன
ஒருநாள் வெறும்: மூ
மூன்றடைப்பு என்று நானே நிரப்பிக்கொண்டு
தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன்.

ஒன்பது போர்டுக்கும் ரத்தம் கூட்டியவள் நான்.
அந்தப் பாதிப் பாதி ஊர்களை
இருட்டில் ஒரு கட்டைவிரலை எழுத வைத்தவளும்.

மறுபடி அடிக்கிறபோது
வேறு வாசகம் போட்டுக் காட்டினேன்:
வண்டியில் வருகிறவரிடம் எங்கே என்று கேட்காதீர்கள்.
இதிலும் மறுப்பு வாலில்தான்.
ஆனால் படிக்கிறவள் அடுப்படியில் நிற்கிறாள்,
முழுசாய்ப் படிக்க நேரமிருக்கிறது அவளுக்கு.

"ரோட்டுல போறவன் இதப் படிச்சு என்ன செய்ய?"
ரோட்டுக்கில்ல சார், வீட்டுக்கு.
"வீட்டுக்கு சாங்ஷன் இல்லம்மா."
பழைய வாசகமே போனது.
கீற வேண்டிய இடங்களை மட்டும்
இந்தத் தடவை நானே மார்க்கரால் வரைந்தேன்,
எழுத்துக்களை விட்டு விலகி.

மிஞ்சிய துண்டில் என் வாசகத்தைச் சின்னதாக அடித்து
கேஸ் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
எண்ணெய் தெறித்து அதற்குள் மஞ்சள் பூத்துவிட்டது.

பத்து ஐம்பது.
'எங்க' வரை அடித்து அழித்தாயிற்று, ரெண்டு தடவை.
கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.
வள்ளியூர் இல்லை, நாங்குநேரி இல்லை,
ஒரு மூ கூட இல்லை.
நல்ல சேதியா இது?
எழுதாத எழுத்தைப் படிக்க
எனக்கு இன்னும் பழக்கமில்லை.
தெருவில் ஒரு வண்டி திரும்புகிறது.
அவருடைய வண்டிச் சத்தம் இல்லை அது.
பத்து ஐம்பத்தெட்டு.